வெளிநாட்டுல விழுந்து முதுகுல அவசர ஆபரேஷன்: வீட்டுக்காரங்க என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விங்க

நான் குடியாத்தம் பக்கம். ஷார்ஜாவுல ஆறு வருஷம் ஏசி டக்ட் வேலை. 2022 அக்டோபர்ல சாரத்து மேல நின்னுக்கினு டக்ட் தூக்கும்போது கால் சறுக்கிச்சு, சுமார் நாலு மீட்டர் இருக்கும், உக்காந்த வாக்குல வந்து விழுந்தேன். முதுகெலும்புல எல்1ன்ற எலும்பு நொறுங்கிப் போச்சு, அன்னிக்கு ராத்திரியே ஆபரேஷன். 24வது நாள் ஸ்ட்ரெச்சர்ல ஊருக்கு வந்தேன், வேலூர்ல கொஞ்ச நாள், அப்பால சி.எம்.சி. ஆஸ்பத்திரியோட பாகாயம் ரிஹாப்ல, அதாவது மறுவாழ்வு மையத்துல, ஆறு வாரம். இப்ப இடது கால்ல பிளாஸ்டிக் ஸ்ப்ளிண்ட் மாட்டிக்கினு ஒத்தைக் கம்பு ஊணி நடக்கறேன். நான் டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். எங்க பக்கம் தெருவுக்கு நாலு பேர் கல்ஃப்ல இருக்காங்க, யாராவது விழுந்துட்டா அவங்க வீட்லேருந்து எனக்கு போன் வருது, எல்லாரும் ஒரே கேள்விங்களத்தான் கேக்கறாங்க, அதான் ஒருவாட்டி எழுதி வச்சிட்டா ஆவும்னு எழுதறேன்.

அங்கேருந்து போன் வந்துச்சு, ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காராம். இங்க இருந்துக்கினு நாங்க இன்னா பண்ண முடியும்?

முதல்ல அவர் பக்கத்துல நிக்கறதுக்கு ஒரு ஆள் பிடிங்க. கம்பெனி ஆளு இல்ல, நம்ம ஆளு. எனக்கு அபுதாபி முசஃபால இருந்த மச்சான் வந்தான், அவன் இல்லாங்காட்டி நான் எந்த பேப்பர்ல எல்லாம் கையெழுத்து போட்டிருப்பேனோ தெரியாது. அவன்கிட்ட ஆஸ்பத்திரி பேரு, ஃபைல் நம்பர், எமிரேட்ஸ் ஐடி, பாஸ்போர்ட் இதெல்லாம் போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க. அப்பால டாக்டர்கிட்ட நாலு விஷயம் கேக்க சொல்லுங்க: எந்த எலும்பு, நரம்பு அடி முழுசா இல்ல அரைகுறையா, ஆபரேஷன்ல இன்னா பண்ணாங்க, ஆசனவாய் கிட்ட தொட்டா தெரியுதா. கடைசி கேள்விய கேக்க எல்லாருக்கும் கூச்சம், ஆனா டாக்டருங்க அதைத்தான் முதல்ல பாப்பாங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

கம்பெனி போனே எடுக்கலன்னா இந்திய தூதரகம், துபாய்ல கான்சுலேட். வெளியுறவுத் துறையோட மதத் போர்ட்டல்ல வீட்லேருந்தே புகார் போடலாம், 2015லேருந்து இருக்குது. நெஜமாவே வழி இல்லாதவங்களுக்கு தூதரகத்துல ஐ.சி.டபிள்யூ.எஃப்.னு ஒரு நிதி இருக்குது, அவசர சிகிச்சை, ஊருக்கு டிக்கெட் இதுக்கெல்லாம் அதுலேருந்து உதவுவாங்க. கேக்காம எதுவும் தானா வராது.

ஆபரேஷன் பண்ணிக்கினு இருக்கும்போதே ஊர்லேருந்து யாராவது உடனே விசிட் விசாவுல ஓடணுமான்னு கேக்கறாங்க. என்னக் கேட்டா வேணாம். அந்த துட்டு பின்னாடி வேணும்.

எதுக்கு அவ்ளோ அவசரம்? ஊருக்கு கூட்டினு வந்து வேலூர்லயே பண்ணியிருக்கலாமே?

எங்க பெரியப்பா இன்னிக்கும் இதைத்தான் சொல்றாரு. உக்காந்த வாக்குல விழும்போது அந்த எலும்பு செங்கல்லு நசுங்கற மாதிரி நசுங்கி, உடைஞ்ச துண்டு பின்னாடி தள்ளி, நரம்பு போற ஓட்டைய அடைச்சிக்கும். நரம்பு எவ்ளோ நேரம் நசுங்கிக்கினு இருக்குதோ அவ்ளோ சேதம், முடிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள அழுத்தத்த எடுத்துடணும்னுதான் இப்பல்லாம் பாக்கறாங்க. அதுவும் இல்லாம ஆடற எலும்ப வச்சிக்கினு பிளைட்ல ஏத்த யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அங்க பண்ணதுதான் சரி. எனக்கு மேல ரெண்டு எலும்பு கீழ ரெண்டு எலும்புன்னு எட்டு ஸ்க்ரூ, ரெண்டு ராடு.

ஒண்ணு மட்டும் புரிஞ்சிக்குங்க. ஸ்க்ரூ போட்டது எலும்ப ஆடாம பிடிக்கறதுக்கு. நரம்ப அது சரி பண்ணாது. "ஆபரேஷன் சக்சஸ்"னு சொன்னாங்களே அப்புறம் ஏன் கால் வரலன்னு சண்டைக்கு போறவங்கள பாத்திருக்கேன், அந்த சக்சஸ் எலும்புக்கு சொன்னது.

நடப்பாரா?

இதைக் கேக்காத வீடே இல்ல. டாக்டர் கண்டிப்பா சொல்லலன்னா மறைக்கறாருன்னு நினைச்சிக்கறாங்க, அப்படி இல்ல. அடிபட்ட உடனே தண்டுவடம் அதிர்ச்சியில இருக்கும், ஸ்பைனல் ஷாக்னு சொல்வாங்க, அது தெளிய நாளாகலாம், வாரமாகலாம், சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகும். அது தெளியாம எவ்ளோ சேதம்னு சரியா சொல்ல முடியாது.

தெளிஞ்ச பிறகு ஏ.எஸ்.ஐ.ஏ. கிரேடுன்னு ஒண்ணு போடுவாங்க, ஏ-லேருந்து இ வரைக்கும். ஏ-ன்னா கீழ உணர்ச்சியும் இல்ல அசைவும் இல்ல, ஆசனவாய்லயும் ஒண்ணும் தெரியல. அங்க கொஞ்சமாவது தொட்டது தெரிஞ்சா இல்ல சுருக்க முடிஞ்சா, நரம்பு முழுசா அறுந்து போகல, ஏதோ ஒரு ஒயர்ல கரண்ட் போவுதுன்னு அர்த்தம், அதான் அந்த கூச்சமான கேள்வி. பி-ல உணர்ச்சி மட்டும், சி-ல அசைவு இருக்கும் ஆனா பலம் பத்தாது, டி-ல பாதிக்கு மேல தசைங்களுக்கு பலம் இருக்கும், இ நார்மல். எனக்கு சி. பதினோராவது நாள் வலது கால் கட்ட விரல் ஆடிச்சு. மச்சான் செல்போன்ல வீடியோ எடுத்து அனுப்ப, எங்கம்மா அதை தெருவுல எல்லாருக்கும் காட்டி சர்க்கரை கொடுத்துச்சு. அந்த வீடியோவ இப்ப பாத்தா ஒண்ணுமே தெரியாது, போர்வை ஆடற மாதிரிதான் இருக்கும்.

பெரிய முன்னேத்தம் எல்லாம் முதல் ஆறு ஒம்போது மாசத்துல வரும், அப்பால மெதுவா ஒண்ணரை ரெண்டு வருஷம் வரைக்கும் கூட ஏதாவது வரும். கிரேடு ஏ-வாவே நின்னுட்டா, அதுவும் நெஞ்சு மட்டத்துல அடின்னா, பழையபடி நடக்கறது ரொம்ப கம்மி. இதை டாக்டர் சொன்னா அவர திட்டாதீங்க, வேற ஊசி இருக்குன்னு சொல்ற இடத்துக்கு நிலத்த வித்துக்கினு ஓடாதீங்க. ஸ்டெம் செல் ஊசின்னு ஒருத்தர் எங்ககிட்டயும் லட்சக்கணக்குல கேட்டாரு. இப்போதைக்கு தண்டுவட அடிய சரி பண்ணும்னு நிரூபிச்ச ஸ்டெம் செல் வைத்தியம் எதுவும் இல்ல.

நாங்க கேக்க மறந்த கேள்வி ஏதாவது இருக்கா?

இருக்குது. ஒண்ணுக்கு எப்படி போறாருன்னு யாருமே கேக்கறதில்ல. நடக்கறத மட்டுமே பாக்கறாங்க, நான் நடக்கறேன், ஆனாலும் மூத்திரப் பை நரம்பு வரல. எல்1 கிட்டதான் தண்டுவடம் முடியற இடம், பைக்கும் குடலுக்கும் போற நரம்பு அங்கதான் இருக்குது, அதனால எங்கள மாதிரி ஆளுங்களுக்கு கால் வந்தாலும் இது வராம நின்னுடும். ஒரு காலத்துல தண்டுவடம் அடிபட்டவங்க செத்தது ஜாஸ்தி இதனாலதான், கிட்னி கெட்டு.

ஆஸ்பத்திரியில ஃபோலி டியூப் போட்டு பை தொங்க விட்டிருப்பாங்க. அதோடயே ஊருக்கு அனுப்பிடுவாங்க, வீட்லயும் மாசக்கணக்குல அப்படியே விட்டுடறாங்க, அது தப்பு. கை நல்லா இருக்கறவங்களுக்கு சி.ஐ.சி. கத்துக் கொடுக்கணும். நாலுலேருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருவாட்டி நாமளே சின்ன டியூப் விட்டு காலி பண்ணிட்டு எடுத்துடறது. மூத்திரப் பை ஒருவாட்டிக்கு 400, 500 மில்லிக்கு மேல நிரம்பக் கூடாது. முதல் நாள் பாகாயத்துல நர்ஸம்மா டியூப்ப கையில கொடுத்தப்ப எனக்கு வேர்த்து ஊத்திச்சு, நாலாவது நாள் ரேடியோ கேட்டுக்கினே பண்ணேன். சோப்பு போட்டு கை கழுவு, ஜெல்லி தடவு, மெதுவா தள்ளு, இடிச்சா நிறுத்தி மூச்ச விடு, வர்றது நின்னதும் அடிவயித்த லேசா அமுக்கு, இழு. அவ்ளோதான். அஞ்சு நிமிஷம். அளவு போட்ட பாட்டில்ல பாத்து நோட்டுல எழுதி வைங்க, முதல் மூணு மாசம் அந்த நோட்டுதான் டாக்டருக்கு எல்லாம் சொல்லும்.

நான் பண்ண முட்டாள்தனத்தையும் சொல்றேன். சென்னைக்கு பஸ்ல போகணும்னு காலையிலேருந்து தண்ணியே குடிக்காம இருந்தேன், வழியில டியூப் போட இடம் கிடைக்காதுன்னு. அதுவே பழக்கமாயி, வேலூர் வெயில்ல ரெண்டு மாசம் அப்படி இருந்தா இன்னா ஆவும், குளிர் காய்ச்சல், நடுக்கம், அஞ்சு நாள் அட்மிட். ரெண்டு லிட்டர் குடிங்க, நேரம் பிரிச்சு குடிங்க. இன்னொண்ணு, டியூப் போடறவங்க மூத்திரத்துல கிருமி எப்பவும் கொஞ்சம் இருக்கும், டெஸ்ட்ல வந்துச்சுன்னு மட்டும் ஆன்டிபயாடிக் போடாதீங்க, காய்ச்சல் நடுக்கம் மாதிரி தொந்தரவு இருந்தாத்தான். வருஷத்துக்கு ஒருவாட்டி கிட்னி ஸ்கேன் விடாதீங்க.

வெளிக்கு போறதும் இதே கதைதான். தினம் ஒரே நேரம், சாப்பிட்டு அரை மணி கழிச்சு, வரலன்னா சப்போசிட்டரின்னு ஆசனவாய்ல வைக்கற மாத்திரை, அதுக்கும் வரலன்னா கிளவுஸ் போட்டு விரலால எடுக்கணும். எழுத கூச்சமாத்தான் இருக்குது, ஆனா யாரும் சொல்லாததாலதான் பாதி பேர் வீட்டை விட்டு வெளிய வர்றதில்ல. கேழ்வரகு களி, கீரை, எங்க அம்மா சமைக்கற முள்ளு கத்திரிக்கா, இதெல்லாம் செய்யற அளவுக்கு மாத்திரை செய்யறதில்ல.

படுக்கைப் புண் வராம எப்படி பாத்துக்கறது? ஏர் பெட் வாங்கிட்டா போதுமா?

போதாது. ஏர் பெட் இருந்தாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி திருப்பணும், ராத்திரியும்தான். எங்க தெருவுல கரண்ட் போனா ஏர் பெட் சப்பையாயி கட்டில் பலகை மேல படுத்த மாதிரி ஆயிடும், தூங்கறவருக்கு அது தெரியவும் தெரியாது. வீல்சேர்ல உக்காந்தா இருபது முப்பது நிமிஷத்துக்கு ஒருவாட்டி கையை ஊணி எழும்பணும் இல்ல சாய்ஞ்சு கொடுக்கணும். வால் எலும்பு, இடுப்பு ரெண்டு பக்கம், குதிகால், இந்த இடங்கள தினம் ரெண்டுவாட்டி கண்ணாடி வச்சு பாருங்க. செவப்பா இருந்து, அழுத்தம் எடுத்த பிறகும் போகலன்னா அந்தப் பக்கம் படுக்கவே கூடாது. வெளிய ஒரு ரூபா அளவு தெரியற புண்ணு உள்ள கைய விடற அளவுக்கு குழிஞ்சிருக்கும்.

சூட்டையும் மறக்காதீங்க. உணர்ச்சி இல்லாத கால்ல வென்னி ஒத்தடம் கொடுக்கவே கொடுக்காதீங்க. 2023 மே மாசம் எங்க ஊரு கெங்கையம்மன் சிரசு திருவிழா, வைகாசி ஒண்ணாந் தேதி வெயில் எப்படி இருக்கும்னு குடியாத்தத்துக்காரங்களுக்கு சொல்ல வேணாம். அம்மா வேண்டிக்கிச்சுன்னு வாக்கர் பிடிச்சிக்கினு வெறுங்கால்ல தார் ரோட்ல பத்து நிமிஷம் நின்னேன். எல்லாரும் குதிச்சிக்கினு இருந்தாங்க, எனக்கு இன்னாடா இப்படி குதிக்கறாங்கன்னு சிரிப்பு. சாயங்காலம் வீட்ல செருப்ப கழட்டும்போது உள்ளங்கால் தோலு செருப்போட வந்துச்சு. ஆற ரெண்டரை மாசம்.

பிளைட்ல எப்படி கூட்டினு வர்றது?

உக்கார முடிஞ்சா முதுகு பெல்ட் போட்டு வீல்சேர் கேட்டு வரலாம். எனக்கு இருபது நிமிஷத்துக்கு மேல உக்கார முடியல, அதனால ஸ்ட்ரெச்சர். பின்னாடி வரிசையில பல சீட்ட மடக்கி படுக்க வைப்பாங்க, அத்தன சீட்டுக்கும் காசு, கூட நர்ஸ். ஏர்லைன்ஸோட மெடிக்கல் ஃபாரம் ஆஸ்பத்திரி டாக்டர் நிரப்பிக் கொடுக்கணும், ஏர்லைன்ஸ் டாக்டர் ஓகே பண்ணணும், அதுக்கு சில நாள் ஆவும், டிக்கெட்ட போட்டுட்டு அப்பால அலையாதீங்க. ஏறுறதுக்கு முன்னாடி யூரின் பைய காலி பண்ணுங்க, குதிகாலுக்கு அடியில துணி சுருட்டி வைங்க, ரத்தம் உறையாம இருக்க ஊசி வேணுமான்னு டாக்டர கேளுங்க.

பிளைட் நாலு மணி நேரம் ஒண்ணும் தெரியல. சென்னையிலேருந்து ஆம்புலன்ஸ்ல வந்ததுதான் உயிர் போச்சு, வாலாஜா டோல்கேட் வர்றதுக்குள்ள ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரையும் எண்ணிட்டேன். டிரைவர்கிட்ட மெதுவான்னு முன்னாடியே சொல்லி, வீட்டுக்கு போகாம நேரா ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. வீட்டுக்கு போனா பாக்க வர்றவங்க கூட்டத்துல ரெண்டு நாள் போயிடும்.

கையில வர வேண்டிய பேப்பர்: டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் நோட்ஸ், சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ரெண்டும் டிஸ்க்ல, ஸ்க்ரூ எந்த கம்பெனி எந்த சைஸ்னு ஒட்டற இம்ப்ளான்ட் ஸ்டிக்கர், போலீஸ் ரிப்போர்ட். ஸ்டிக்கர யாரும் கேக்க மாட்டாங்க, நாளைக்கு ஒரு ஸ்க்ரூ லூசாச்சுன்னா இங்க டாக்டர் அதைத்தான் முதல்ல கேப்பாரு.

கம்பெனி ஏதோ பேப்பர் நீட்டுது, கையெழுத்து போட்டாதான் டிக்கெட்டாம். போடலாமா?

எனக்கு பத்தாவது நாள் வந்துச்சு அந்த பேப்பர், வலி ஊசி மயக்கத்துல இருந்தேன். ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்னு எழுதியிருந்துச்சு. மச்சான் வாங்கி மடிச்சு பையில வச்சிக்கினான், அவ்ளோதான் பண்ணான். ஊனம் எத்தன சதவீதம்னு மெடிக்கல் ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடி கணக்க முடிக்கிறதுல கையெழுத்து போடாதீங்க.

யு.ஏ.இ. சட்டத்துல, இப்ப இருக்கறது 2022 பிப்ரவரியிலேருந்து நடக்குது, வேலையில அடிபட்டா குணமாகற வரைக்கும் இல்ல ஊனம்னு உறுதியாகற வரைக்கும் வைத்தியச் செலவு முதலாளியோடது. ஆறு மாசம் முழு சம்பளம், அதுக்கு மேல ஆறு மாசம் அரை சம்பளம். முழு நிரந்தர ஊனம்னா 24 மாச பேசிக் சம்பளம், 18,000 திர்ஹாமுக்கு குறையாம 200,000க்கு மேல போகாம. பேசிக்னு சொல்றது சும்மா இல்ல, நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு பேசிக் 600, 800, மீதி எல்லாம் அலவன்ஸ்னு எழுதி வச்சிருப்பாங்க. தரலன்னா மோஹ்ரேன்னு சொல்ற தொழிலாளர் அமைச்சகத்துல புகார் போடணும், ஊருக்கு வந்துட்டா முறையா அட்டெஸ்ட் பண்ண பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்து அங்க ஒருத்தர் நடத்தலாம். எனக்கு ஒண்ணரை வருஷம் ஆச்சு, கேட்டதுல பாதி வந்துச்சு.

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்ல, அதாவது வெளிநாட்டு வேலைக்கு போக அரசாங்க அனுமதி வேணும்னு இருக்கற பாஸ்போர்ட்ல, இமைக்ரேட்னு அரசாங்க ஆன்லைன் பதிவு வழியா முறையா போனவங்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனான்னு ஒரு பாலிசி கட்டாயம், ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாதான், விபத்துல நிரந்தர ஊனமாயி வேலை போனா 10 லட்சம். நான் ஏஜென்ட் பேச்ச கேட்டு விசிட் விசாவுல போயி அங்க மாத்திக்கினவன். எனக்கு அந்த பாலிசியே இல்ல.

வீட்லயே பிசியோ வச்சிக்கினா ஆவாதா? பாகாயம்லாம் எதுக்கு?

பிசியோ கால ஆட்டி விடுவாரு. ரிஹாப்ல சொல்லிக் கொடுக்கறது, இந்த உடம்ப வச்சிக்கினு கட்டில்லேருந்து வீல்சேருக்கு எப்படி தாவறது, டியூப், வெளிக்கு, புண்ணு, சமையல், பஸ்சு, எல்லாம். கூட இருக்கறவங்களுக்கும் சேர்த்து. என் வீட்டுக்காரம்மாவுக்கு என்னை திருப்பறதுல முதுகு பிடிச்சிக்கும், அங்க சொல்லிக் கொடுத்த பிறகு ஒத்தை ஆளா திருப்பிடும்.

அந்த இடமே ஒரு விபத்துல வந்ததுதான். சி.எம்.சி.யில மேரி வர்கீஸ்னு ஒரு டாக்டரம்மா, 1954ல வண்டி கவுந்து இடுப்புக்கு கீழ போயிடுச்சு. வீல்சேர்ல உக்காந்துக்கினே குஷ்டரோகிங்களுக்கு கை ஆபரேஷன் பண்ணாங்க, அப்பால ஆஸ்திரேலியா, நியூயார்க் போயி ரிஹாப் கத்துக்கினு வந்து 1966ல பாகாயத்துல இந்த இன்ஸ்டிட்யூட்ட ஆரம்பிச்சாங்க. இப்ப அவங்க பேருலதான் இருக்குது. உலகமே வேலூருக்கு ரயில் ஏறி வருது, காட்பாடியில இறங்கற கூட்டத்த பாருங்க, நம்ம ஆளுங்க மட்டும் ஆட்டோ தூரத்துல இருந்துக்கினு வீட்லயே பாத்துக்கறோம்னு சொல்றோம்.

பெல்ட் எவ்ளோ நாள்? குனியலாமா? வண்டி ஓட்டலாமா?

உங்க சர்ஜன் சொல்றதுதான். பொதுவா மூணு மாசம். அது வரைக்கும் குனியறது, திரும்பறது, கனம் தூக்கறது மூணும் கிடையாது, படுக்கையில திரும்பினா மரக்கட்டை உருள்ற மாதிரி தோளும் இடுப்பும் ஒண்ணா உருளணும். தரையில உக்காந்து சாப்பிடறது இல்ல. எலும்பு ஒட்டி கெட்டியாக ஆறு மாசத்துலேருந்து ஒரு வருஷம் ஆவும். பீடி சிகரெட்ட விடுங்க, நிக்கோடின் இருந்தா எலும்பு ஒட்டறது தள்ளிப் போவும், பீடி சுத்தற ஊர்ல இருந்துக்கினு சொல்றேன்.

புத்தூர் கட்டு போடலாமா? எண்ணெ தேச்சு நீவினா நரம்பு எழுந்துக்குமாமே?

கை கால் உடைஞ்சா எங்க தாத்தா காலத்துலேருந்து புத்தூர்தான், அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஸ்க்ரூ போட்ட முதுக யாரும் நீவவோ இழுக்கவோ முறுக்கவோ கூடாது. கால்ல கையில லேசா எண்ணெ தடவறதுல தப்பில்ல, சூடு பண்ணாதீங்க. எழுந்துக்கினா நரம்பால எழுந்துக்கும், எண்ணெயால இல்ல.

ஸ்க்ரூவ எடுக்கணுமா?

தொந்தரவு இல்லன்னா பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க. டைட்டானியம்னா எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், முன்னாடியே சொல்லிடுங்க. ஏர்போர்ட்ல மெஷின் கத்தினா இம்ப்ளான்ட் கார்ட காட்டுங்க.

காலே இல்லாத மாதிரி இருக்குன்றாரு, ஆனா எரியுதுன்றாரு. நடிக்கறாரா?

எங்கண்ணனும் இதையேதான் கேட்டான். நடிப்பு இல்ல, அடிபட்ட நரம்பு தப்பு தப்பா சிக்னல் அனுப்புது. எனக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல பாதத்துல மொளகாத் தூள் பூசின மாதிரி இருக்கும். சாதாரண வலி மாத்திரைக்கு இது அடங்காது, ப்ரீகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி கொடுப்பாங்க, தூக்கம் வரும், தலை சுத்தும். திடீர்னு நிறுத்தக் கூடாது, அதோட குடிக்கவும் கூடாது.

எதுக்கெல்லாம் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினா, மூச்சு வாங்கினா, தையல்ல நீர் வந்து காய்ச்சல் அடிச்சா, நேத்து ஆடின விரல் இன்னிக்கு ஆடலன்னா. நெஞ்சு மட்டத்துக்கு மேல, அதாவது டி6ன்ற எலும்புலயோ அதுக்கு மேலயோ அடிபட்டவங்களுக்கு திடீர்னு மண்டைய பிளக்கற தலைவலி, வேர்வை, பி.பி. ஏறிச்சுன்னா முதல்ல நிமிர்த்தி உக்கார வைங்க, யூரின் டியூப் மடங்கியிருக்கா பாருங்க, இறுக்கமான துணிய தளர்த்துங்க, அப்பவும் அடங்கலன்னா ஓடுங்க. அது உயிருக்கு ஆபத்து.

வீட்ல இன்னா மாத்தணும்?

பாத்ரூம். மத்ததெல்லாம் அப்புறம். வெஸ்டர்ன் டாய்லெட், பிடிக்க கம்பி, வீல்சேர் நுழையற கதவு. எங்க வீட்டு நிலைப்படி ஆறு இஞ்ச், அதுக்கு ஆறு அடி நீளத்துக்கு சிமென்ட் சரிவு போட்டோம், ஒரு இஞ்ச் ஏறினா ஒரு அடி சரிவுன்றது கணக்கு. மேஸ்திரி ரெண்டடியில போட்டுத் தர்றேன்னாரு, அதுல ஏறினா வண்டி பின்னாடி கவுந்துக்கும்.

புருஷன் பொண்டாட்டி விஷயம், குழந்தை?

ரெண்டுக்கும் வைத்தியம் இருக்குது, மாத்திரையும் இருக்குது, ரிஹாப் டாக்டர்கிட்ட கதவ சாத்திட்டு கேளுங்க, அவங்களே எதிர்பாத்துக்கினு இருப்பாங்க. பொம்பளைங்களுக்கு கொஞ்ச மாசத்துல மாதவிடாய் திரும்பிடும், குழந்தை பெத்துக்கறதுக்கு பெரும்பாலும் தடை இல்ல.

பேசவே மாட்டேங்கறாரு, சுவத்த பாத்துக்கினு படுத்திருக்காரு. இன்னா பண்றது?

நானும் அப்படித்தான் மூணு மாசம். பாக்க வர்றவங்க "ஐயோ பாவம், நல்லா இருந்த புள்ள"ன்னு என் முன்னாடியே எங்கம்மாகிட்ட சொல்வாங்க, நான் செத்துட்ட மாதிரி. வர்றவங்கள வாசல்லயே நிறுத்தி, அவர் கிட்ட கிரிக்கெட் பேசுங்க, இல்லன்னா வராதீங்கன்னு சொல்லுங்க. நிஜமாவே மனசு விழுந்துச்சுன்னா அதுக்கும் டாக்டர் இருக்காங்க, மாத்திரை இருக்குது. பாகாயத்துல பக்கத்து பெட்காரர் தென்காசி பக்கம், அவர்தான் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் ராமகிருஷ்ணன் பத்தி சொன்னாரு. 1975ல கடற்படை தேர்வுக்கு போன எடத்துல விழுந்து கழுத்துக்கு கீழ போன மனுஷன், 1981ல அந்த சங்கத்த ஆரம்பிச்சு இன்னிக்கு எத்தனையோ பேரு அதுல. நான் அவ்ளோ பெரிய ஆள் இல்ல. ஆனா அந்தக் கதைய கேட்ட மறுநாள் நானா ஷேவ் பண்ணிக்கினேன்.

சர்க்கார்ல இன்னா கிடைக்கும்?

முதல்ல யு.டி.ஐ.டி. கார்டு, மாற்றுத்திறனாளிங்களுக்கான அடையாள அட்டை, அது இல்லாம எதுவும் நகராது. ஆன்லைன்ல பதிஞ்சு அரசு ஆஸ்பத்திரியில மெடிக்கல் போர்டு, எங்களுக்கு அடுக்கம்பாறை. 40 சதவீதம் இருந்தா சலுகைங்க ஆரம்பிக்கும். முதுகு தண்டுவடம் பாதிச்சவங்களுக்கு தமிழ்நாட்டுல மாசம் 2,000 ரூபா உதவித்தொகை, அதோட பக்கத்துல சக்கரம் வச்ச ஸ்கூட்டர், பஸ், ரயில் சலுகை, எல்லாத்துக்கும் கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளி நல அலுவலகம். நாங்க சத்துவாச்சாரி. 2019ல மாவட்டம் பிரிஞ்சதால ஆம்பூர், வாணியம்பாடிக்காரங்க திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜாக்காரங்க ராணிப்பேட்டைக்கும் போகணும், இன்னும் வேலூருக்கே வந்து திரும்பிப் போறவங்க இருக்காங்க.

மறுபடியும் வெளிநாடு போவீங்களா?

இல்ல. இப்ப வீட்டு முன்னாடி ரூம்ல டேபிள் போட்டு இன்வெர்ட்டர் ஏசி போர்டு சரி பண்றேன். வேலூர், பேரணாம்பட்டுலேருந்து எல்லாம் கொண்டு வர்றாங்க, ஏப்ரல் மே மாசம் டியூப் போடக்கூட நேரம் இருக்காது.

எங்க சின்னத் தம்பி அடுத்த மாசம் போறான். வேணாம்னு சொல்ல முடியல, கடன் இருக்குது. இமைக்ரேட்ல பதிஞ்சு, அந்த 275 ரூபா பாலிசி கையில வாங்கின பிறகுதான் டிக்கெட் போட விட்டேன். போன ஞாயித்துக்கிழமை மாடிப்படி கம்பியில ஹார்னஸ, அதாவது உயரத்துல வேலை செய்யும்போது மாட்டற பாதுகாப்பு பெல்ட்ட, கட்டி காட்டினேன். அன்னிக்கு நானும் ஹார்னஸ் போட்டுத்தான் இருந்தேன், நாலடி தள்ளி நகரணும்னு கொக்கிய கழட்டினவன் திரும்ப மாட்டல. ரெண்டு கொக்கி வச்ச கயிறு வாங்குடா, ஒண்ண மாட்டிட்டு அப்பால இன்னொண்ண கழட்டு, காலுகிட்ட மாட்டாத தலைக்கு மேல மாட்டுன்னேன். அவன் மூணுவாட்டி மாட்டி கழட்டினான், நாலாவதுவாட்டி "போதும்ண்ணா"ன்னான், இன்னொருவாட்டி பண்ண வச்சேன்.